அப்பாவின் போன் நம்பர்

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு செல்போன்தான் இருந்தது. அது அப்பாவுடையது. வேலை பார்த்த துணி மில் மூடிய பிறகு அப்பா நேரு வீதியில் ஒரு துணிக்கடை வாசலில் செக்யூரிட்டியாக நின்றுகொண்டிருந்தார். யூனிஃபார்ம் சட்டைப் பையில் அந்தப் போன் எப்போதும் இருக்கும். என்னிடம் யாராவது பேச வேண்டுமென்றாலும், பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் அம்மாவிடம் கல்யாணத்துக்கு மாலை சொல்ல வேண்டுமென்றாலும் அந்த நம்பருக்குத்தான் அடிப்பார்கள். அப்பா எடுத்து, "ஹலோ, யாரு?" என்று தெருக்கோடியில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலக் கத்துவார். முத்தியால்பேட்டையில் எங்கள் சந்தில் இருந்த எல்லோருக்கும் எங்கள் வீட்டுச் செய்தி தெரிந்தது அந்தக் குரலால்தான்.

நான் டிகிரி முடித்துவிட்டு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எங்கோ அமெரிக்காவில் டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் வேலை. சேர்ந்த முதல் நாளே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நோயாளியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது, நோயைப் பற்றி வீட்டில்கூடப் பேசக் கூடாது. உள்ளே போகும்போது கைப்பையைக்கூட வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். முகம் தெரியாத ஒரு அம்மாளின் கர்ப்பப்பைக் கட்டியை அப்படிப் பத்திரமாகக் காத்தோம்.

எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவள் வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவள். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். அவர்கள் வீட்டில் டவுனுக்கு வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். டப்பாவைத் திறந்தால் பாதியை என் பக்கம் தள்ளிவிட்டுத்தான் அவள் சாப்பிட ஆரம்பிப்பாள்.

அப்போது ஆபீஸில் எல்லோரும் இன்டர்நெட்டில் ஒரு தளத்தில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். பேர் போட்டு, படம் போட்டு, தெரிந்தவர்களைத் தேடிச் சேர்த்துக்கொள்வது. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் நாலு வரி எழுதிவிட்டுப் போவது. அந்த நாலு வரியை ஊரே படிக்கலாம் என்பது எங்களுக்கு முதலில் உறைக்கவே இல்லை. ரெண்டு பேர் பேசிக்கொள்வதாகத்தான் நினைத்துக்கொண்டு எழுதினோம்.

மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் அடித்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு அழுக்குத் திரை. ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அவளும் ஒரே அறைக்குள் நெருக்கி உட்கார்ந்து கணக்கு ஆரம்பித்தோம். நான் என் முழுப் பேரையும் போட்டேன். படமும் போட்டேன். ஆபீஸ்காரர்கள் எல்லோரும் கடற்கரைச் சாலைக்குப் போயிருந்தபோது ஒருவர் டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. நீலப் புடவை, பின்னால் பழைய லைட்ஹவுஸ், காற்றில் முடி கொஞ்சம் கலைந்திருக்கும். அதற்கு முன் என்னை யாரும் அப்படிப் படம் எடுத்ததில்லை. ரேஷன் கார்டுக்கும் ஹால் டிக்கெட்டுக்கும் எடுத்த படங்களில் நான் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவள்போல இருப்பேன். இதில் நான் நன்றாக இருந்தேன். அதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

அவள் ஒரு செம்பருத்திப் பூவைப் போட்டாள். பேரில் பாதியை வெட்டிவிட்டாள்.

"எதுக்குடி இவ்ளோ பயம்? ஒங்க ஊர்ல கம்ப்யூட்டரே இல்லயே" என்றேன்.

"ஊர்ல இல்ல. எங்க அண்ணனோட கூட்டாளிங்க எல்லாம் டவுன்லதான வேல செய்றாங்க. எவனாவது ஒருத்தன் பாத்துட்டு அண்ணங்கிட்ட சிரிச்சிகினே ஒரு வார்த்த சொன்னாப் போதும். அடுத்த நாள் நான் பஸ் ஏற மாட்டேன்."

அவள் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

அந்தத் தளத்தில் ஒரு வசதி உண்டு. நம் பக்கத்தை யார் யார் வந்து பார்த்தார்கள் என்று கடைசியாக வந்த சிலரின் பேர்களைக் காட்டும். ஒவ்வொரு ஞாயிறும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். காலேஜில் என்னிடம் பேசாத பையன் ஒருவன் பேர் இருக்கும். பெங்களூரில் இருக்கும் யாரோ ஒருவர் பேர் இருக்கும். என்னை எதற்கு வந்து பார்த்தார்கள் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வருவேன். பயம் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த வாரம் முழுக்க அதுவே போதுமானதாக இருந்தது.

காலேஜ் தோழி ஒருத்தி கல்யாணமாகி சேலத்துக்குப் போயிருந்தாள். அவள் ஒருநாள் என் பக்கத்தில் எழுதினாள். எப்படி இருக்கிறாய், ரொம்ப நாளாகிவிட்டது, உன் நம்பர் இன்னும் இதுதானே என்று கேட்டு, அப்பாவின் நம்பரைப் பத்து எண்ணும் சரியாகப் போட்டிருந்தாள். என் நம்பரை அவள் மனப்பாடமாக வைத்திருந்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம் என்று பதில் எழுதினேன்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் அப்பாவிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. போன் அடித்தால் வீட்டுக்குள் எடுக்க மாட்டார். எழுந்து சந்து முனைக்குப் போய்விடுவார். கத்திப் பேசுகிற மனுஷன் முனகுவதுபோலப் பேசிவிட்டு வருவார். சில சமயம் போனை அணைத்து அரிசிப் பானைமேல் வைத்துவிடுவார். அம்மா ஒருநாள், "மாலைக்குச் சொல்றவங்க எல்லாம் போன் கெடைக்கலன்னு நேர்ல வந்து திட்டுறாங்க. இன்னாதான் பண்ற நீ?" என்று கேட்டாள். "பேட்டரி நிக்கல" என்றார். யாரிடமோ வம்பில் மாட்டிக்கொண்டாரோ என்று அம்மா பயந்தாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. குடிக்கிறாரா என்றுகூடப் பக்கத்தில் போய் மோந்து பார்த்தோம்.

பிறகு ஒரு மதியம் ஆபீஸ் சாப்பாட்டு அறையில் என் சிநேகிதி டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். இங்க வேணாம்" என்றாள்.

"சொல்லு."

"ஒம் பேர்ல இன்னொன்னு இருக்குது. ஒம் போட்டோ."

வேலை முடிந்ததும் ரெண்டு பேரும் பிரவுசிங் சென்டருக்குப் போனோம். அவள் தட்டிக் காட்டினாள். நீலப் புடவை, லைட்ஹவுஸ், கலைந்த முடி. பேரும் என் பேர்தான். கீழே எழுதியிருந்ததை நான் முழுதாகப் படிக்கவில்லை. படித்த வரைக்கும் இங்கே எழுத எனக்கு மனசில்லை. கூப்பிடுங்கள், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று முடிந்திருந்தது. அதற்குக் கீழே அப்பாவின் நம்பர்.

அதைப் பார்த்த நொடியில் எனக்கு அந்தப் படத்தைப் பற்றி நினைப்பே வரவில்லை. அப்பா சந்து முனையில் சுவர் பக்கம் திரும்பி நின்று பேசிக்கொண்டிருந்ததுதான் வந்தது. அவர் கையிலிருந்த போனில் யார் இருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா இன்னும் மார்க்கெட்டிலிருந்து வரவில்லை. அப்பா தட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தார். நான் குழம்பு ஊற்றினேன்.

"அப்பா, ஒங்களுக்கு யாராவது போன் பண்ணித் தொல்ல குடுக்குறாங்களா?"

"ராங் நம்பர்."

"எவ்ளோ நாளா?"

"வந்துகினு இருக்குது. வுடு."

"என்ன கேக்குறாங்கப்பா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"ஒன்னக் கேக்குறானுங்க பாப்பா" என்றார். "பேரு சொல்லியே கேக்குறானுங்க. மொதல்ல ஒங்கூட வேல செய்றவங்கன்னு நெனச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சிது. நான் அவ அப்பன் பேசுறேன்டான்னு ஒருத்தங்கிட்ட சொல்லிப் பாத்தேன். அதுக்கும் சிரிக்கிறான்."

நான் அழ ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரில் நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். யாரோ என் படத்தை எடுத்து வைத்து என் பேரில் எழுதியிருக்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

"நீ எழுதலதான?"

"இல்லப்பா."

"அது எனக்குத் தெரியும். ஒரு வார்த்த கேட்டுக்கினேன்." பிறகு, "ஒங்க அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றார்.

மாசக்கணக்கில் இதை அவர் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். துணிக்கடை வாசலில் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே, பையில் அதிரும் போனை எடுத்து, தன் மகளைப் பற்றி முன்பின் தெரியாதவன் சொல்வதைக் கேட்டிருக்கிறார். சாயங்காலம் வந்து என்னிடம், "டீ போடு பாப்பா" என்று சொல்லியிருக்கிறார். நான் முகத்தைப் பார்த்து எதையாவது கண்டுபிடித்துவிடக் கூடாதே என்றுதான் அவர் அத்தனை நாளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார் என்பது பிறகுதான் விளங்கியது.

போலீசுக்குப் போகலாம் என்று என் சிநேகிதி சொன்னாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அங்க போனா அந்தப் படத்த எடுத்து நாலு பேருக்குக் காட்டணும். எழுதினத அவங்க படிப்பாங்க. நீ எதிர்ல நிக்கணும். இப்ப எவனுக்கோதான் தெரியும். அப்புறம் நம்ம தெருவுக்கே தெரியும்" என்றார். நானும் போக விரும்பவில்லை. இன்னொரு ஆள் அதைப் படிப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தத் தளத்திலேயே புகார் சொல்ல ஒரு பட்டன் இருந்தது. அழுத்தினேன். சிநேகிதியும் அழுத்தினாள், தனக்குத் தெரிந்தவர்களை எல்லாம் அழுத்தச் சொன்னாள். ஒவ்வொரு வாரமும் போய்ப் பார்ப்போம். அது அப்படியே இருக்கும். அந்தப் பொய்யானவளுக்கு என்னைவிட நண்பர்கள் அதிகம். அவள் பக்கத்தில் யார் யாரோ பொங்கல் வாழ்த்து எழுதியிருந்தார்கள். என் உண்மையான பக்கத்தில் யாரும் எழுதவில்லை, ஏனென்றால் நான் அதை மூடிவிட்டேன்.

ஒரு வாரம் அவளுடைய நண்பர்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தபோது தெரிந்த முகம் ஒன்று இருந்தது. எங்கள் ஆபீஸில் ரெண்டு வரிசை தள்ளி உட்காருபவர். கடற்கரைச் சாலைக்கு எங்களோடு வந்தவர். அவர் அதைச் செய்தாரா, யாரோ செய்ததில் போய்ச் சேர்ந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. சேர்ந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். மறுநாள் காலையில் எப்போதும்போல, "குட் மார்னிங்க" என்றார். நானும் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. பிரவுசிங் சென்டர்காரர் மீதிச் சில்லறையைக் கையில் வைக்காமல் மேஜையில் வைத்தால், ஏன் என்று தோன்றும். பஸ்ஸில் ஒருவர் ரெண்டாவது தடவை திரும்பிப் பார்த்தால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்துவிடுவேன். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க மார்க்கெட்டுக்குள் நுழைவதே பெரிய வேதனையாக இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள், மீன்காரர்கள், தேங்காய் உரிக்கிறவர்கள், அத்தனை பேரில் யாராவது ஒருத்தர் அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்திருப்பாரோ என்று நினைப்பு ஓடும். அவர்களில் பல பேர் நான் சின்னக் குழந்தையாக இருந்ததிலிருந்து என்னைத் தெரிந்தவர்கள். நீலப் புடவையை நான் அதன்பின் கட்டவில்லை. முன்பு யார் என்னை வந்து பார்த்தார்கள் என்று தேடித் தேடிப் பார்த்த அதே ஆள்தான் நான். இப்போது யாரும் பார்க்காமல் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

அழைப்புகள் நிற்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் போனின் பின்பக்கத்தைத் திறந்தார். சிம்மை எடுத்தார். பாக்குவெட்டியைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன். ரெண்டாக வெட்டி வாசலில் போட்டார். அன்றைக்குக் கடை வாசலில் முதலாளி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்ததாம், எதிர்ப்பக்கம் பேசியது முதலாளி காதிலும் விழுந்ததாம். இதைப் பிற்பாடு சொன்னார்.

புது நம்பர் வாங்கினார். அம்மாவுக்கும், எனக்கும், கடைக்கும் மட்டும் கொடுத்தார். யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். பழைய ஆட்களின் நம்பர்கள் எல்லாம் அந்த வெட்டிப்போட்ட சிம்மிலேயே இருந்தன. அப்பாவுக்கு எதுவும் மனப்பாடம் இல்லை, எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. "மில்லுக்காரனுங்க எல்லாம் எங்க போயிடப் போறானுங்க? நேர்ல பாக்குறப்போ குடுத்துக்கலாம்" என்றார்.

மில்லுக்காரர்களில் அப்பாவுக்கு ஒருவர்தான் உயிர். கனகசெட்டிக்குளத்துக்காரர். ஒரே ஷிப்டில் பக்கத்துப் பக்கத்துத் தறியில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றவர்கள். மில் மூடியதும் அவர் ஊருக்கே போய் அண்ணன் தம்பிகளோடு மீன்பிடிக்கப் படகில் போக ஆரம்பித்துவிட்டார். நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வாரத்தில் ரெண்டு மூன்று தடவை அவரும் அப்பாவும் போனில் பேசுவார்கள். பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." "மீனு?" "இல்ல, காத்து சரியில்ல." அவ்வளவுதான். அதற்கு அப்பா அத்தனை சத்தமாகச் சிரிப்பார்.

புது நம்பரைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். துணிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம், லீவு கிடையாது. இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிப் போனது. மாமாவும் வரவில்லை. கோவித்துக்கொண்டிருப்பான் என்று அப்பா சிரித்தார்.

ஒருநாள் மார்க்கெட்டில் அம்மாவிடம் பூ வாங்க வந்த பழைய மில் தொழிலாளி ஒருவர், "என்னாம்மா, ஒங்க வூட்டுக்காரரு கூட்டாளி சாவுக்குக்கூட வரலியே, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டிருக்கிறார். யார் சாவு என்று அம்மா கேட்டதும்தான் அவர் விவரம் சொன்னார். மாமா இறந்து காரியமும் முடிந்துவிட்டிருந்தது.

அம்மா கூடையைப் பக்கத்துக் கடையில் விட்டுவிட்டு நேராகத் துணிக்கடைக்குப் போய்ச் சொன்னாள். அப்பா அங்கேயே யூனிஃபார்மோடு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாராம்.

மறுநாள் நான் ஆபீஸுக்குப் போகவில்லை. அப்பாவோடு காலாப்பட்டு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். மாமா வீட்டு வாசலில் இன்னும் பந்தல் பிரித்த மூங்கில் கட்டு கிடந்தது. அத்தை எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சிதாண்ணே?" என்றாள்.

அப்பா கீழே உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரில ரெண்டு நாளு நெனவோட இருந்தாரு. ஒங்களத்தான் கேட்டாரு. அவனுக்குப் போனு போடு, அவனுக்குப் போனு போடுன்னாரு. எம்புள்ள ஆஸ்பத்திரிய வுட்டு நவுர முடியாம போட்டுப் போட்டுப் பாத்தான். அந்தப் பொம்பள கொரலு இந்த நம்பர் உபயோகத்துல இல்லன்னே சொல்லிச்சி. அவரு நம்பல. நீங்க சரியாப் போடலன்னு எங்களத் திட்டினாரு."

நான் வாயைத் திறந்தேன். என்ன நடந்தது என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. என்னால்தான், என் படத்தால்தான் என்று சொன்னால் அத்தைக்கு அப்பாமேல் கோபமாவது குறையும். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. என் முழங்கைமேல் மட்டும் கையை வைத்தார். பலமாக வைத்தார்.

"போனு தொலஞ்சி போச்சிம்மா" என்றார். "பஸ்ஸுல எவனோ எடுத்துட்டான்."

"ஒரு போனு தொலஞ்சா மனுஷன் வர்றதுக்கு வழியா இல்ல?" என்று அத்தை கேட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டார். இருபது வருஷச் சிநேகிதத்தில் கடைசியில் வராமல்போன ஆள் என்ற பேரை அந்த வீட்டில் வாங்கிக்கொண்டு எழுந்தார். அத்தை எங்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவர்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்கும் அதன்பிறகு எங்களுக்குச் சொல்லி அனுப்பியதும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில், "ஏம்பா சொல்லல?" என்று கேட்டேன்.

"அவங்ககிட்ட எதுக்கு? இன்னைக்கு அழுவாங்க. நாளைக்குப் பக்கத்து வூட்டுல பேசுவாங்க. ஒனக்குக் கல்யாணம் ஆவணும்ல?" என்றார். கொஞ்சம் கழித்து, "அவனுக்குத் தெரிஞ்சிருந்தா புரிஞ்சிகினு இருப்பான்" என்றார். அப்போதுதான் அழுதார்.

என் சிநேகிதி அந்த வருஷமே வேலையை விட்டாள். மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். கடைசி நாளன்று, "அது போயிடுச்சாடி?" என்று கேட்டாள். இன்னும் இருக்கிறது என்றேன். அவள் போன சில மாசங்களுக்குப் பிறகு ஒருநாள் தேடியபோது அந்தப் பக்கம் இல்லை. யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை, யார் போட்டார்கள் என்று தெரியாததைப் போலவே. எனக்கு நிம்மதி வரவில்லை. இன்னொரு பேரில் எங்காவது இருக்குமோ என்று திரும்பத் திரும்பத் தேடினேன். அந்தப் படத்தை யாராவது சேமித்து வைத்திருந்தால் நான் என்ன செய்ய முடியும்? ரெண்டு வருஷம் கழித்து எல்லோரும் வேறொரு தளத்துக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

எனக்குக் கல்யாணம் முடிவானபோது, கல்யாணப் படங்களை ஸ்டூடியோ வாசல் கண்ணாடியில் மாட்டக் கூடாது என்று அப்பா போட்டோகிராபரிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் வருத்தப்பட்டார். மண்டபத்தில் அதற்குள் எல்லோர் கையிலும் கேமரா வைத்த செல்போன் வந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பையன்கள் மேடைக்கு முன்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களை விலகச் சொல்ல அப்பாவால் முடியாது, சம்பந்தி வீடு. மேடையில் ஏதோ எடுத்து வைப்பதுபோல, தட்டை நகர்த்துவதுபோல, அவர் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து வந்து நின்றார்.

ஆல்பம் வந்ததும் என் கணவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்கப்பா ஏன் எல்லாப் படத்துலயும் மறைச்சிகினு நிக்கிறாரு?" என்று சிரித்தார். கேமராவை மறைக்கிறோம் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை, விவரம் போதாது என்றேன்.

முக்கால்வாசிப் படங்களில் அப்பாவின் வெள்ளைச் சட்டை முதுகுதான் இருக்கிறது. அவருக்குப் பின்னால் என் மாலை கொஞ்சம் தெரியும்.